கப்பலுக்குச் சாட்சி யார்? உள்நாட்டுக் கடற்பயணமும் அரசின் அங்கீகாரமும்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுகிற யாரும் கப்பலைத் தவிர்த்துவிட்டு எழுத ஏலாது. சிங்கள மக்கள் நம்மை அழைத்த ‘மரக்கல’ என்ற பெயருக்குள்ளேயே கப்பல் இருக்கிறது. தமிழில் புழங்கும் கடற்சொற்களும் அதைத்தான் சொல்கின்றன. சுக்கான் அரபிலிருந்து வந்த சொல். மாலுமி என்பது ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு. ஆசிரியர் என்று அதற்குப் பொருள். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற ஆளும் நடுக்கடலில் வழிகாட்டுகிற ஆளும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது அவர்களுக்குப் புதினமாக இருக்கும்.

கப்பலில் யார் வந்தார், எங்கிருந்து வந்தார், என்ன கொண்டுவந்தார் என்பதைப் பற்றி நம்மிடம் நிறையக் கட்டுரைகள் உண்டு. இந்தக் கப்பல் கடலுக்கு ஏற்றது என்று சொன்னவர் யார் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. பழைய பாய்க்கப்பல் காலத்தில் அதற்கான விடை ஊருக்குள்ளேயே இருந்தது. பலகை அடித்த ஓடாவி, பணம் போட்ட வியாபாரி, கப்பலை ஓட்டிய நகுதா என்று எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெரும்பாலும் வியாபாரி தன் சரக்கோடு தானே ஏறிப் போனான். பலகை உளுத்திருந்தால் மூழ்குவது சொந்தக்காரன்தான். அந்தப் பயம் ஒன்றே பரிசோதகராக நின்றது.

கப்பலின் சொந்தக்காரன் கரையில் தங்கி, கப்பலில் வேறு ஆட்கள் போகத் தொடங்கியபோது அந்தப் பயம் வேலை செய்யாமல் போனது. நம்பிக்கையைக் கடதாசியில் எழுத வேண்டிய தேவை வந்தது. அந்தக் கடதாசியை எழுதுகிற நிறுவனங்களைத்தான் கப்பல் வகைப்படுத்தல் நிறுவனங்கள் என்கிறோம். துறைமுகத்தில் சுருக்கமாக ‘கிளாஸ்’ என்பார்கள். இவை பெரும்பாலும் அரசுத் திணைக்களங்கள் அல்ல. ஆனாலும் அரசாங்கங்கள் இவற்றின் சொல்லை ஏற்று, தங்கள் பெயரால் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரத்தையும் இவற்றிடம் விட்டிருக்கின்றன. அது எப்படி நடந்தது, நாட்டுக்குள்ளேயே ஓடுகிற கப்பல்கள் அந்தக் கணக்கில் ஏன் கடைசியாக வந்தன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்பிக்கடையில் பிறந்த பதிவேடு

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லொயிட் என்பவர் ஒரு கோப்பிக்கடை நடத்தினார். முதலில் டவர் வீதியில் இருந்த கடை 1691இல் லொம்பார்ட் வீதிக்கு மாறியது. கப்பல் சொந்தக்காரர், கப்டன்மார், கடற் காப்புறுதி எழுதுகிறவர்கள் என்று எல்லாரும் கூடுகிற இடம் அது. கப்பல் செய்தி அங்குதான் முதலில் வரும்.

காப்புறுதி எழுதுகிறவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. துறைமுகத்தில் நிற்கிற கப்பலை அவர் கண்ணால் கண்டதில்லை. சொந்தக்காரன் தன் கப்பலைக் குறைத்துச் சொல்லவா போகிறான்? ஆகவே அந்தக் கடை வாடிக்கையாளர்கள் 1760இல் சேர்ந்து, கப்பல்களைப் பார்த்து எழுதுவதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று நமக்குக் கிடைக்கிற அவர்களின் ஆகப் பழைய பதிவேடு 1764ஆம் ஆண்டுக்குரியது. உடற்பகுதியின் தரத்தை ஆங்கில உயிரெழுத்துகளாலும், பாய், கயிறு, நங்கூரம் முதலியவற்றின் தரத்தை நல்லது, நடுத்தரம், கெட்டது என்பவற்றின் முதலெழுத்துகளாலும் குறித்தார்கள். பிறகு கருவிகளின் தரத்துக்கு இலக்கம் வந்தது. ‘ஏ வன்’ என்று இன்று நாம் சாப்பாட்டுக்கும் சாரத்துக்கும் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்த இடம் இந்தப் பதிவேடுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பதிவேடு எழுதப்பட்டது பணத்தைக் காப்பாற்றுவதற்கு. கப்பலில் போகிற ஆளின் உயிர் அதன் கணக்கில் நேரடியாக வரவில்லை.

யாருக்காக எழுதுகிறோமோ அவருடைய பக்கம் எழுத்துச் சாயும் என்பதும் சீக்கிரமே தெரியவந்தது. 1790களின் இறுதியில், கப்பல் எங்கே கட்டப்பட்டது, எத்தனை வயது என்பவற்றை வைத்தே தரம் போடும் முறை வந்தது. தேம்ஸ் நதிக்கரையில் கட்டிய கப்பலுக்கு மேலான இடம். மற்ற ஊர்க் கப்பலுக்குக் குறைவு. சொந்தக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 1799இல் தங்களுக்கென்று வேறு ஒரு பதிவேடு தொடங்கினார்கள். காப்புறுதிக்காரரின் புத்தகம் பச்சை. சொந்தக்காரரின் புத்தகம் சிவப்பு. ஒரே கப்பலுக்கு இரண்டு சாட்சி. முப்பது வருடத்துக்கும் மேலாக இந்தப் போட்டி நடந்து, இரண்டு தரப்பும் கையிருப்புக் கரைந்த நிலையில் 1834இல் ஒன்றாகச் சேர்ந்தன. வியாபாரி, சொந்தக்காரர், காப்புறுதிக்காரர் ஆகிய மூன்று தரப்பும் நிர்வாகக் குழுவில் அமர்ந்தன. இன்று லொயிட்ஸ் ரெஜிஸ்டர் என்று நாம் அறிகிற நிறுவனம் அந்த இணைப்பின் தொடர்ச்சி. இதற்கிடையில் 1828இல் அன்ட்வெர்ப் நகரில் பியூரோ வெரித்தாஸ் தொடங்கியிருந்தது. பின்னர் இத்தாலி, அமெரிக்கா, நோர்வே, ஜெர்மனி என்று நாட்டுக்கு நாடு இப்படி நிறுவனங்கள் எழுந்தன.

ஒரு வட்டமும் இரண்டு எழுத்தும்

அரசாங்கம் இதற்குள் எப்போது வந்தது? பிரித்தானியாவில் அது பிளிம்சொல் என்ற பெயரோடு சேர்ந்து வருகிறது. சாமுவேல் பிளிம்சொல் நிலக்கரி வியாபாரியாக இருந்து, டேர்பி தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். மிதமிஞ்சிப் பாரம் ஏற்றி, பெறுமதிக்கு மேல் காப்புறுதியும் எழுதி அனுப்பப்பட்ட பழைய கப்பல்களைச் ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்றார்கள். கப்பல் திரும்பி வந்தாலும் சொந்தக்காரனுக்கு லாபம்; வராவிட்டாலும் லாபம். அதில் போன கடலோடிகளின் பெண்சாதி பிள்ளைகளுக்குத்தான் நட்டம். 1873இல் பிளிம்சொல் இதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1875 யூலையில், இது தொடர்பான சட்டமூலத்தை அரசு கைவிடப் பார்த்தபோது, சபையில் எழுந்து சக உறுப்பினர்களையே பாதகர் என்று ஏசினார். அந்தக் கூச்சல் வீண்போகவில்லை. 1876இல் ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் பாரக்கோடு ஒன்று வரையப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது.

சட்டம் வந்தது, ஆனால் கோட்டை எங்கே வரைவது என்பதைச் சொந்தக்காரனின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். ஒரு கப்டன் தன் கப்பலின் புகைபோக்கியிலேயே அந்தக் கோட்டைக் கீறிவிட்டான் என்று ஒரு கதை சொல்வார்கள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு, 1890இல்தான் கோட்டின் இடமும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது.

இங்கேதான் நம்முடைய விடயம் தொடங்குகிறது. கோடு எங்கே வர வேண்டும் என்பதைக் கணக்கிட அரசிடம் போதிய ஆட்கள் இல்லை. அந்த அறிவு கிளாஸ் நிறுவனங்களிடம் இருந்தது. லொயிட்ஸ் ரெஜிஸ்டர் 1882இலேயே அதற்கான அட்டவணைகளை வெளியிட்டிருந்தது. ஆகவே, அரசு ஏற்றுக்கொண்ட நிறுவனங்கள் கோட்டின் இடத்தை நிர்ணயிக்கலாம் என்று வகைசெய்யப்பட்டது. லொயிட்ஸ் ரெஜிஸ்டரும் பியூரோ வெரித்தாஸும் அந்த அங்கீகாரத்தைப் பெற்றன. லண்டனின் தனியாதிக்கத்தை விரும்பாத கிளாஸ்கோ நகரத்தார் அதே ஆண்டில் பிரிட்டிஷ் கோர்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தாமும் அங்கீகாரம் வாங்கிக்கொண்டார்கள்.

இன்றைக்குக் கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிற சரக்குக் கப்பலின் பக்கத்தைப் பார்த்தால், ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு கோடும் தெரியும். வட்டத்தின் இரு பக்கத்திலும் ஒவ்வோர் எழுத்து இருக்கும். அந்தக் கோட்டை நிர்ணயித்த நிறுவனத்தின் அடையாளம் அது. சந்தையில் தராசிலும் படிக்கல்லிலும் அளவை நிறுவைத் திணைக்களம் முத்திரை குத்துவதை வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எல்லாரும் கண்டிருப்போம். அங்கே முத்திரை குத்துவது அரசின் ஆள். கப்பலில் முத்திரை அரசினுடையது. குத்துகிற கை வேறொருவருடையது. அந்தக் கைக்குக் கூலி கொடுப்பவரும் கப்பல் சொந்தக்காரரே.

என் தொழிலில் இருந்தே இதற்கு ஓர் உவமை சொல்லலாம். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் வாப்பாவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் விடைத்தாள் திருத்துகிறார் என்று வையுங்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அதே ஊரில் இன்னும் நான்கு பேர் அதே வேலைக்குக் காத்திருந்தால், கண்டிப்பாகத் திருத்துகிறவரிடம் அடுத்த வருடம் யார் வருவார்? இந்த நிலையில் பரீட்சைத் திணைக்களம் செய்ய வேண்டியது என்ன? திருத்துகிறவரையே திருத்துகிற ஓர் ஏற்பாடு வேண்டும். அங்கீகாரம் என்ற சொல்லுக்கு உள்ளே இருக்க வேண்டிய பொருள் அதுதான்.

எல்லையில் நின்றுபோன சட்டம்

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு உலகப் பொதுவானது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1974ஆம் ஆண்டு வடிவம். பரிசோதனையை அரசு தான் ஏற்றுக்கொண்ட நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம் என்று அது இடங்கொடுக்கிறது. அதே மூச்சில், அந்தப் பரிசோதனை முழுமையாகவும் திறமையாகவும் நடந்ததற்கு அரசே உத்தரவாதம் என்றும் சொல்கிறது. வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க ஏலாது. ஒப்படைக்கப்படும் நிறுவனங்களுக்கு எத்தகைய தகுதி இருக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1993இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2015 முதல் அதற்கென்று கட்டாயமான ஒரு விதிக்கோவையே நடைமுறையில் இருக்கிறது.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த உடன்படிக்கையின் தொடக்கத்திலேயே ஒரு வரம்பு இருக்கிறது. வேறுவிதமாகச் சொல்லப்பட்டால் ஒழிய, அது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற கப்பல்களுக்கு மட்டுமே. நாட்டின் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு ஆயிரம் பேரை ஏற்றிப் போகிற கப்பலைப் பற்றி அது வாய் திறக்காது.

இந்தப் பழக்கமும் பழையதுதான். பிரித்தானியாவின் 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டத்தைப் பார்த்தால், கரையோர வியாபாரத்தில் மட்டும் ஈடுபடும் 80 தொன்னுக்குக் குறைந்த கப்பல்களுக்குப் பாரக்கோட்டு விதியில் இருந்து விலக்கு உண்டு. சின்னக் கப்பல், கரைக்குப் பக்கத்தில் ஓடுவது, அதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம் அன்றைக்கே இருந்திருக்கிறது. கரைக்குப் பக்கத்தில் மூழ்குகிறவனுக்கும் மௌத்து ஒன்றுதான் என்பதை அந்த எண்ணம் மறந்துவிடுகிறது.

புதிதாக எழுந்த ஆசிய அரசுகள் தங்களுக்கென்று கிளாஸ் நிறுவனங்களை அமைத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஐரோப்பாவை நம்பியிருப்பது அவமானம், செலவும் அதிகம். யப்பானில் இத்தகைய நிறுவனம் 1899இலேயே வந்துவிட்டது. சீனாவில் 1956இலும், தென்கொரியாவில் 1960இலும், இந்தோனேசியாவில் 1964இலும், இந்தியாவில் 1975இலும் அவை தொடங்கின. ஆயிரக்கணக்கான தீவுகளைக் கொண்ட இந்தோனேசியாவுக்கு உள்நாட்டுக் கப்பல் என்பது நமக்கு பஸ் மாதிரி. அப்படிப்பட்ட நாடுகளில் உள்நாட்டுக் கப்பலுக்கு யார் சாட்சி சொல்வது என்பது, அந்நாட்டு அரசு மட்டுமே விடை சொல்ல வேண்டிய கேள்வி. அந்த விடை பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தோனா பாஸ், 1987

பிலிப்பைன்ஸில் 1987 டிசம்பர் 20ஆம் திகதி, நத்தாருக்கு ஐந்து நாள் முன்னதாக, தோனா பாஸ் என்ற பயணிகள் கப்பல் தக்லோபனில் இருந்து மணிலாவுக்கு வந்துகொண்டிருந்தது. யப்பானில் 1963இல் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. மிந்தோரோ தீவை ஒட்டிய கடலில், இரவு நேரம், வெக்டர் என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. வெக்டரில் 8,800 பீப்பாய் எரிபொருள் இருந்தது. கடலே தீப்பற்றியது. இரண்டு கப்பலிலுமாக உயிர் தப்பியவர்கள் 26 பேர்.

பயணிகள் பட்டியலில் 1,493 பெயர்கள் இருந்தன. மரணித்தவர்கள் 4,386 பேர் என்று பிற்பாடு கணக்கிடப்பட்டது. அதாவது, கப்பலில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கடதாசியில் இருப்பே இல்லை. நட்டஈடு கேட்டு வழக்குப் போட்ட ஒரு குடும்பம், ஓர் அரசாங்கப் பாடசாலை ஆசிரியரையும் அவருடைய சின்ன மகளையும் பறிகொடுத்த குடும்பம். அந்த இருவரின் பெயரும் பட்டியலில் இல்லை. இதை வாசித்த அன்று எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. தினமும் காலையில் இடாப்பில் பெயர் கூப்பிடுகிற தொழில் என்னுடையது.

அந்த வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போய் 1999இல் முடிந்தது. வெக்டர் கடலுக்கு ஏற்ற நிலையில் இருக்கவில்லை. உரிய அனுமதிப்பத்திரமோ தகுதியான கப்டனோ இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. அப்படியானால் அதில் தன் எண்ணெயை ஏற்றி அனுப்பிய பெரிய எண்ணெய்க் கம்பனிக்குப் பொறுப்பில்லையா? மேன்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பு உண்டு என்றது. உயர் நீதிமன்றம் இல்லை என்றது. கரையோரக் காவற்படையே கப்பலை நம்பிப் போகவிட்டிருக்கும்போது, வாடகைக்கு எடுத்தவர் அதை நம்பியது பிழையாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன் பின்விளைவைப் பாருங்கள். அரசு கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த ஒரு கடதாசி, அதை நம்பிய எல்லாரையும் பொறுப்பில் இருந்து விடுவித்துவிடுகிறது. கடதாசி எவ்வளவு பலவீனமானதோ, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவ்வளவு பேர் வருவார்கள்.

பிலிப்பைன்ஸ் இதில் இருந்து மெதுவாகத்தான் கற்றது. 2004இல் உள்நாட்டுக் கப்பற்றுறைக்கென 9295ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி மரினா எனப்படும் கடற்றொழில் அதிகார சபைக்குப் பாதுகாப்புத் தராதரம் விதிக்கவும், கப்பல்களைப் பரிசோதித்து அதை நடைமுறைப்படுத்தவும் அதிகாரம் கிடைத்தது. உள்நாட்டுக் கப்பல்களை வகைப்படுத்தும் நிறுவனங்களும் மரினாவின் அங்கீகாரம் பெற வேண்டிய முறை வந்தது. ஆனாலும் 2008 யூனில், பிரின்சஸ் ஒப் த ஸ்டார்ஸ் என்ற பெரிய பயணிகள் கப்பல் சூறாவளிக்குள் போய் ரொம்ப்லோன் பக்கம் கவிழ்ந்து நூற்றுக்கணக்கானோர் மரணித்தார்கள். எந்த மரமும் இரும்பும், எவ்வளவு நல்ல கடதாசியும், காற்றுக் கிளம்புகிற நேரத்தில் ‘போகாதே’ என்று சொல்கிற ஓர் ஆளுக்கு ஈடாகாது.

செவோல், 2014

தென்கொரியாவின் கதை வேறு. அது பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாடு. உலகின் முதல்தரமான கப்பல் கட்டும் தளங்கள் அங்கே உண்டு. அதன் கிளாஸ் நிறுவனமும் உலகம் மதிக்கிற ஒன்று.

செவோல் 1994இல் யப்பானில் கட்டப்பட்டு, பதினெட்டு வருடம் அங்கே ஓடிய கப்பல். 2012இல் கொரியக் கம்பனியொன்று அதை வாங்கியது. பயணிகள் கப்பல்களை முப்பது வயது வரை ஓட்டலாம் என்று அரசு 2009இல் விதியைத் தளர்த்தியிருந்ததால் பழைய கப்பலை வாங்குவதில் தடை இருக்கவில்லை. வாங்கியவர்கள் மேல்தட்டில் பயணிகள் அறைகளைக் கூட்டினார்கள். மேலே பாரம் கூடினால் கப்பல் சரிந்தால் நிமிர்வது கடினம். இந்த மாற்றத்தை கிளாஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஏற்கும்போது ஒரு நிபந்தனை வைத்தது: சரக்கை 987 தொன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது, அடித்தட்டில் நிறுத்துகிற சமநிலை நீரைக் கூட்ட வேண்டும்.

நிபந்தனை சரியானது. ஆனால் அது நிறைவேறுகிறதா என்று துறைமுகத்தில் நின்று பார்ப்பது யார்? உள்நாட்டுப் பயணிகள் கப்பல்கள் புறப்படும்போது சோதிக்கிற வேலை, கொரியக் கப்பற் சங்கத்திடம் இருந்தது. அது கப்பல் சொந்தக்காரர்களின் சங்கம். அதன் தலைவர்களாகப் பெரும்பாலும் இருந்தவர்கள், கடற்றுறை அமைச்சில் இருந்து ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள். கிளாஸ் நிறுவனத்தின் தலைமையிலும் அதே நிலைதான். மேற்பார்வை செய்ய வேண்டிய அமைச்சின் இன்றைய அதிகாரிக்கு, மேற்பார்வைக்கு உட்பட்டவர் நேற்றைய சேர். நாளைக்குத் தானும் போய் உட்காரப் போகிற கதிரை அது.

2014 ஏப்ரல் 15 இரவு இஞ்சோனில் இருந்து ஜேஜு தீவுக்குப் புறப்பட்டபோது செவோலில் இருந்த சரக்கு, அனுமதித்த அளவின் இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு ஏற்றினால் பாரக்கோடு தண்ணீருக்குள் போய்விடும். கரையில் நிற்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே சமநிலை நீரைக் குறைத்தார்கள். கப்பல் உயர்ந்தது, கோடு வெளியே தெரிந்தது. பிளிம்சொல் உயிரைக் காக்கப் போராடிப் பெற்ற அதே கோடு, நூற்று முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு, உயிரைப் பறிக்கிற ஒரு பொய்க்குச் சாட்சியாக நின்றது.

மறுநாள் காலை கப்பல் ஒரு திருப்பத்தில் சரிந்தது, நிமிரவில்லை. 476 பேரில் 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர், சுற்றுலாவுக்குப் புறப்பட்ட டன்வொன் உயர்நிலைப் பாடசாலையின் மாணவர்கள். அசையாமல் அறைக்குள்ளேயே இருக்கும்படி அவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளைகள் இருந்தார்கள். சொன்னவர்களில் கப்டனும் பல மாலுமிகளும் முதலில் வந்த மீட்புப் படகில் ஏறிவிட்டார்கள். மாலுமி என்ற சொல்லின் மூலப்பொருளை மேலே சொன்னேன். இங்கே அதைத் திரும்பச் சொல்ல நாக்கு கூசுகிறது. பிள்ளைகளோடு போன ஆசிரியர்களில் பலர், தாங்கள் தப்ப வழியிருந்தும் கீழ்த்தட்டுக்கு இறங்கிப் போய் மௌத்தானார்கள்.

அதற்குப் பிறகு கொரியா சில காரியங்களைச் செய்தது. புறப்பாட்டுச் சோதனை 2015இல் சொந்தக்காரர் சங்கத்திடம் இருந்து எடுக்கப்பட்டு ஒரு பொது நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. அரசின் பெயரால் நடக்கும் பரிசோதனையில் ஒரே நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமையை நீக்கி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் வாசல் திறக்க முடிவானது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் உடனடியாகத் தாம் மேற்பார்த்த துறையிலேயே போய் அமர்வதற்குக் கட்டுப்பாடு கூடியது. எல்லாம் 304 ஜனாஸாக்களுக்குப் பிறகு.

நமக்கு இதில் என்ன?

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்கு மூன்று விடயங்கள் தெளிவாகின்றன.

ஒன்று, பரிசோதிக்கிறவருக்கு அறிவு இருந்தால் மட்டும் போதாது. அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதே முக்கியம். பச்சைப் புத்தகமும் சிவப்புப் புத்தகமும் அன்று காட்டியதைத்தான் செவோலும் காட்டியது. இரண்டு, அங்கீகாரம் என்பது ஒருநாள் கொடுத்துவிட்டு மறக்கிற காரியமல்ல. கொடுத்த அரசு இடைக்கிடை போய்ப் பார்க்க வேண்டும்; பிழை கண்டால் பறிக்கவும் துணிவு வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு, பரிசோதகரின் வேலையை விளங்கக்கூடிய ஆட்கள் அரசிடமே இருக்க வேண்டும். எல்லா அறிவையும் வெளியில் விட்டுவிட்ட அரசு, தன் முத்திரையைத் தானே வாசிக்கத் தெரியாத அரசு. மூன்று, உள்நாட்டுக் கப்பலில் போகிறவர் பெரும்பாலும் ஏழை. அவருக்கு வேறு கப்பல் இல்லை. வேறு நாளும் இல்லை. அதனாலேயே அவருடைய கப்பலுக்கான விதி கடைசியாக எழுதப்படுகிறது.

உலகம் இந்தக் குறையை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறது. 2015 ஏப்ரலில் மணிலாவில் கூடிய மாநாடு, உள்நாட்டுப் பயணிகள் கப்பல்களின் பாதுகாப்புக்கென்று வழிகாட்டுதலை ஏற்றது. 2022இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, உள்நாட்டுப் பயணிகள் படகுகளுக்கான மாதிரி விதிகளை நிறைவேற்றியது. மாதிரி என்பதால் அது எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாது. எடுத்துப் பாவிப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம்.

நம்மட நாட்டில் 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற் சட்டம் இருக்கிறது. அது பெரிய கப்பல்களைப் பற்றியது. நாம் அன்றாடம் ஏறுகிறது எது? குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகிற படகு. களப்புகளில் கயிற்றால் இழுபடுகிற, இயந்திரம் தள்ளுகிற ‘பாதை’. கிழக்கில் பிறந்தவர்களுக்குப் பாதை என்றால் தண்ணீருக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. அவற்றைச் சில இடங்களில் அரச நிறுவனமும், சில இடங்களில் உள்ளூராட்சி சபையும், சில இடங்களில் தனியாரும் நடத்துகிறார்கள். அதில் எத்தனை பேர் ஏறலாம், அடியில் இருக்கிற மிதவையைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தது என்று கேட்டால், விடை சொல்ல வேண்டிய ஆள் யார் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் எடுக்கும்.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபடியால் களப்பைக் கடக்க விடப்பட்டிருந்த பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் மௌத்தானார்கள். அந்த வாரம் முழுக்க எல்லார் வாயிலும் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இதற்கு அனுமதி கொடுத்தது யார், பார்த்தது யார்? லண்டன் கோப்பிக்கடையில் 1760இல் கேட்ட கேள்வி அது. மணிலாவிலும் இஞ்சோனிலும் கேட்ட கேள்வி.

சிலர் சொல்லக்கூடும், ஒரு களப்புப் பாதைக்கு கிளாஸ் நிறுவனமும் சர்வதேச விதியும் என்னத்துக்கு என்று. மெய்தான், லொயிட்ஸ் ரெஜிஸ்டரைக் கிண்ணியாவுக்குக் கூட்டிவரத் தேவையில்லை. தேவைப்படுவது மிகவும் சின்ன விடயம். படகைக் கட்டியவரும் இல்லாத, நடத்துகிறவரும் இல்லாத, டிக்கட் காசில் பங்குமில்லாத, ஆனால் படகு விளங்கிய ஒருவர் வந்து பார்க்க வேண்டும். எத்தனை பேர் என்று பெரிய எழுத்தில் அதன் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதியவரின் பெயரும் பதவியும் அதற்குக் கீழே இருக்க வேண்டும். அடுத்த முறை பார்க்கும் திகதியும் இருக்க வேண்டும். அந்த இலக்கத்துக்கு மேல் ஒருவர் ஏறினாலும் ‘போகாதே’ என்று சொல்ல, கரையில் இருக்கிற நமக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும், பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும், உள்ளூராட்சி உறுப்பினர்களும் கேட்க வேண்டிய கேள்வி இது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னமே கேட்க வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகள் தினமும் எந்தத் தண்ணீரைக் கடந்து படிக்க வருகிறார்கள், அந்தத் தோணிக்குச் சாட்சி சொன்னவர் யார் என்று ஒவ்வொரு பாடசாலையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். சாட்சி யாரும் இல்லை என்றால், அதையும் எழுதி உரியவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.